அச்சமும் மூச்சும்

அச்சத்தை முதலாக்கி வாணிபம் நடத்தியோர் உலகிலே பலர். வேந்தன் வாளைக் காட்டினான். பூசாரி நரகத்தைக் காட்டினான். பண்ணையார் சாட்டையைக் காட்டினார். மந்திரவாதி மயிரையும் மஞ்சளையும் முடிந்த பொட்டலத்தைக் காட்டினான். கருவிகள் வேறு, காரியம் ஒன்று. எதிரே நிற்பவன் நடுங்க வேண்டும். நடுங்கியவன் பணிய வேண்டும். பணிந்தவன் கேள்வி கேளாதிருக்க வேண்டும். ஆயிரமாயிரம் ஆண்டுகள் அச்சம் இவ்விதம் அரசோச்சியது. அந்த அச்சத்தையே கூண்டிலேற்றி, "நீ எங்கே பிறக்கிறாய்? எந்த வழியே உடலுக்குள் ஓடுகிறாய்? உன் கையிலிருக்கும் ஆயுதம் யாது?" என்று மனிதன் விசாரித்த வரலாறோ, ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறுதான்.

அந்த வரலாற்றைத்தான் இங்கே கூற விரும்புகிறேன். படை நடத்திய பார்த்திபர்கள் இதிலே இல்லை. பூனையும் நாயும், சுரங்கமும் சோதனைக் குழாயும், பொறுமையோடு பார்த்துக்கொண்டேயிருந்த சில மனிதரும்தான் இதன் நாயகர்கள். ஆனால் அவர்கள் வீழ்த்திய கோட்டை பெரிது.

அச்சத்தின் அடையாளங்களை நம் முன்னோர் அறியாதவரல்லர். நம் மொழியைப் பாருங்கள். நெஞ்சு படபடத்தது என்கிறோம்; நா வறண்டது என்கிறோம்; வயிற்றைக் கலக்கியது, மயிர்க்கூச்செறிந்தது, மூச்சு முட்டியது, வியர்த்து விறுவிறுத்தது என்கிறோம். ஒவ்வொரு சொல்லும் ஓர் உறுப்பின் வாக்குமூலம்! ஆனால் நெஞ்சும் நாவும் வயிறும் மயிரும் மூச்சும் ஒரே கணத்தில், ஒரே கட்டளை பெற்றனபோல ஏன் மாற வேண்டும்? அந்தக் கட்டளையைப் பிறப்பிப்பது எது? அடையாளம் தெரிந்தது, ஆணையிட்டவன் தெரியவில்லை. தெரியாத இடத்திலே பேய் வந்து குடியேறிற்று. விதி வந்து விளக்கம் தந்தது.

ஆணையிடும் உறுப்புகளுள் ஒன்றைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டேக்கி கண்ணால் கண்டார். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி கவிழ்த்ததுபோல ஒவ்வொரு சிறு சுரப்பி. கண்டார், எழுதினார், பயன் யாதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னர் பிரான்சு நாட்டின் போர்தோ நகர அறிஞர் கழகம், "இச்சுரப்பிகளால் என்ன பயன்?" என்று கேட்டு ஒரு கட்டுரைப் போட்டியே நடத்தியது. கட்டுரைகள் வந்தன. கற்பனைகள் குவிந்தன. 1718-ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்து அறிக்கை தந்தவர், பிற்காலத்தில் அரசியல் தத்துவ மேதையாகப் புகழ் பெற்ற மோந்தெஸ்கியூ. எவருக்கும் பரிசில்லை என்று அவர் தீர்ப்பளித்தார். இத்தனை உழைப்பும் காட்டாததை ஒருநாள் தற்செயல் காட்டக்கூடும் என்ற கருத்தையும் தெரிவித்தார்.

அந்தத் தீர்ப்பை நான் பெரிதும் போற்றுகிறேன். தெரியாததைத் தெரியாதென்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். வெற்றிடத்தைக் கட்டுக்கதையால் நிரப்பாமல், வெற்றிடமாகவே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தது அந்த அவை. விஞ்ஞானம் வளர்ந்தது அந்த நாணயத்தால்தான்.

1855-ஆம் ஆண்டு. இலண்டன் நகரின் கய் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன் ஒரு நூலை வெளியிட்டார். அவரிடம் வந்த சில நோயாளிகள் நாளுக்குநாள் தளர்ந்தனர், இதயத் துடிப்பு நலிந்தது, தோல் வெண்கல நிறமாய்க் கறுத்தது, இறுதியில் இறந்தனர். இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தார் அடிசன். சிறுநீரகத்தின் மேலிருந்த அந்தத் தொப்பிச் சுரப்பிகள் நோயுற்றிருந்தன. தொப்பி அலங்காரத்திற்கு வைக்கப்பட்டதன்று. அதை இழந்தால் தலையே போய்விடும் என்ற உண்மை முதன்முதலாக வெளிப்பட்டது. மறு ஆண்டே, 1856-இல், பிரௌன்-செக்கார் என்னும் ஆராய்ச்சியாளர் விலங்குகளின் உடலிலிருந்து அச்சுரப்பிகளை அகற்றினார், விலங்குகள் பிழைக்கவில்லை.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஹாரோகேட் ஊரில் மருத்துவராக இருந்த ஜார்ஜ் ஆலிவர். அச்சுரப்பியின் சாற்றை எடுத்துக்கொண்டு, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் எட்வர்டு ஷேஃபரை அணுகினார். சாறு விலங்கின் குருதியில் செலுத்தப்பட்டது. குருதியழுத்தம் காட்டும் குழாயில் பாதரசம் விறுவிறுவென ஏறிற்று! ஒரு துளிச் சாறு உடல் முழுவதையும் உலுக்கிவிட்டது. இருவரும் 1894-இல் இதை வெளியிட்டனர். போலந்து அறிஞர் சிபுல்ஸ்கி கிராக்கோ நகரில் தனியே ஆராய்ந்து, 1895-இல் அதே முடிவைக் கண்டார். உண்மைக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. யார் தேடினாலும் அதே முகத்தைத்தான் அது காட்டும்.

அந்தச் சாற்றுக்குள் இருந்த பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்த பெருமை ஜப்பானியருக்கு உரியது. நியூயார்க் நகரில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த ஜோக்கிச்சி தக்காமினே 1901-இல் அதை உலகுக்கு அறிவித்தார். 'அட்ரினலின்' என்ற பெயரில் அது கடைக்கும் வந்தது. தக்காமினேயின் பெயர் நிலைத்தது. 1900-ஆம் ஆண்டின் கோடையில் சோதனைக் குழாயின்முன் நின்று அந்தப் படிகத்தைத் தம் கையால் பிரித்தெடுத்தவர், அவருடைய உதவியாளரான கெய்சோ உவெனாகா. அந்தப் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? கோபுரத்தைப் பார்ப்போர் கல் சுமந்தவனைக் கேட்பதில்லை. நாமாவது கேட்போம், அவர் பெயரையும் சேர்த்தே சொல்வோம்.

நரம்பின் துணையின்றி, குருதியோடு கலந்தோடிச் செய்தி சொல்லும் இத்தகைய பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டாமா? 1905-இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதைச் சூட்டினார். தூண்டுகிறேன், கிளர்ந்தெழச் செய்கிறேன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது 'ஹார்மோன்'.

பொருள் கிடைத்தது, பெயரும் கிடைத்தது. அச்சத்திற்கும் அதற்கும் உள்ள உறவு கிடைத்தது எப்படி? அது பூனை காட்டிய பாதை!

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கானன் என்ற மருத்துவ மாணவர் இருந்தார். எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் கதிரைக்கொண்டு, பூனையின் இரைப்பை உணவை எப்படிப் பிசைகிறது என்று 1896-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அவர் ஆராயத் தொடங்கினார். அமைதியாகக் கிடக்கும் பூனையின் வயிறு அலையலையாக அசையும். பூனை சீறினாலோ மிரண்டாலோ அந்த அலை சட்டென நின்றுவிடும். மீண்டும் அமைதி திரும்பினால் மீண்டும் அலை. ஆராய வந்தது செரிமானத்தை, எதிர்ப்பட்டதோ அச்சம். வேறொருவராயின் இடையூறென்று ஒதுக்கியிருப்பார். கானன் அந்த இடையூற்றையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக் கொண்டார்.

1911-இல் அவரும் தெ லா பாஸ் என்பவரும் செய்த சோதனை எளிமையானது. ஆனால் வாதத்திற்கு இடமளிக்காதது. அமைதியாக இருக்கும் பூனையின் குருதியில் சிறிது எடுத்தனர். பிறகு அதன் எதிரே நாய் ஒன்றைக் குரைக்கவிட்டனர். மிரண்ட பூனையின் குருதியில் சிறிது எடுத்தனர். துடித்துக்கொண்டிருக்கும் குடல் தசைத்துண்டு ஒன்றை இரண்டிலும் மாறிமாறி நனைத்தனர். அமைதிக் குருதியில் தசை தொடர்ந்து துடித்தது. அச்சக் குருதியில் அதன் துடிப்பு அடங்கிற்று. அட்ரினலின் செய்யும் வேலை அதுவே. நாயின் குரைப்பு காதின் வழியே நுழைந்து, குருதியிலே வேதிப்பொருளாக ஓடிக்கொண்டிருந்தது! அச்சம் ஆவியன்று, அளந்தறியக்கூடிய பொருள்.

ஏன் இந்த ஏற்பாடு? கானன் 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். புலி எதிரே நிற்கிறது. போரிட வேண்டும் அல்லது ஓட வேண்டும். இரண்டுக்கும் தசைக்கு வலு வேண்டும். எனவே இதயம் விரைகிறது. கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறந்து சர்க்கரையைக் குருதியில் கொட்டுகிறது. மூச்சுக்குழாய்கள் விரிகின்றன, மூச்சு பெருகுகிறது. செரிமானம் அந்த நேரத்தில் வேண்டாத வேலை. ஆகவே வயிற்றுக்குச் செல்லும் குருதி குறைக்கப்பட்டுக் கைகால்களுக்குத் திருப்பப்படுகிறது. வாயில் உமிழ்நீர் வற்றுகிறது. காயம்பட்டால் குருதி விரைவில் உறையவும் ஆயத்தம் நடக்கிறது. நெஞ்சு படபடத்தது, நா வறண்டது, வயிற்றைக் கலக்கியது என்று நம் மொழி எடுத்துவைத்த வாக்குமூலங்கள் அத்தனைக்கும் இங்கே ஒரே தீர்ப்புக் கிடைத்துவிட்டது. போர்க்கோலம் பூணுகிறது உடல்.

புலி வந்தால்தானா? 1913-ஆம் ஆண்டின் இறுதிப் பெரும் கால்பந்தாட்டம் முடிந்ததும், ஹார்வர்டு ஆட்டக்காரர் 25 பேரின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. 12 பேரின் சிறுநீரில் சர்க்கரை! அந்தப் பன்னிருவரில் ஐவர் களத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஓடியவனுக்கு மட்டுமன்று, ஓட நேருமோ என்று துடித்தவனுக்கும் உடல் கிடங்கைத் திறந்துவிட்டது.

ஆசிரியத் தொழில் செய்யும் என்னை உறுத்துவது அதே நூலில் வரும் இன்னொரு செய்தி. கடினமான தேர்வொன்றை எழுதி வெளியே வந்த மருத்துவ மாணவர் ஒன்பது பேரைச் சோதித்தபோது, நால்வரின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. எளிய தேர்வுக்குப் பின் அதே ஒன்பதின்மரில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. கைகால் நடுங்கித் தேர்வறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் "படிக்காதவன், கோழை" என்று ஏசும் ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும். வினாத்தாள் அந்தப் பிள்ளையின் உடலுக்குப் புலி. ஓடவும் முடியாது, போரிடவும் முடியாது, உட்கார்ந்திருக்க வேண்டும். கிளர்ந்தெழுந்த படை கட்டளை கிடைக்காமல் உள்ளேயே சுழல்கிறது. பிரம்பு அந்தச் சுழலை அடக்காது, பெருக்கும்.

இனி மூச்சின் பக்கம் வருவோம். இதயத்தை நிறுத்து என்றால் நிற்காது. இரைப்பையை அசை என்றால் அசையாது. மூச்சு அப்படியன்று. உறங்கும்போது அது தானே நடக்கும். விழித்திருக்கும்போது நாம் விரும்பினால் விரைவாக்கலாம், மெதுவாக்கலாம், சிறிது நேரம் அடக்கவும் செய்யலாம். உடலுக்கும் உள்ளத்துக்கும் இடையே இரு பக்கமும் திறக்கும் கதவு அது. பழங்காலத்தார் மூச்சையே உயிரென்று கருதியதில் வியப்பில்லை.

அந்த உயிர் எங்கே குடியிருக்கிறது என்று பிரெஞ்சு மருத்துவர் லெகல்வா முயல்களில் ஆராய்ந்தார். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் ஒரு சிறு இடம் கெட்டால் மூச்சு நின்றுவிடுகிறது என்று 1812-இல் வெளியான அவரது நூல் காட்டிற்று. மூச்சின் வேகத்தை முடிவு செய்வது எது என்ற கேள்விக்கு விடை தேடித் தந்தவர், ஜான் ஸ்காட் ஹால்டேன்.

ஹால்டேனை நான் மதிப்பதற்கு ஒரு தனிக்காரணம் உண்டு. அவர் மாளிகையை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1896-இல் தென் வேல்சு நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. இறந்த தொழிலாளரின் உடல்களைச் சோதித்த அவர், வெடிப்பின் அதிர்ச்சியால் மாண்டவர் சிலரே. பெரும்பாலோர் வெடித்தபின் பரவிய கார்பன் மோனாக்சைடு நச்சுக்காற்றால் மாண்டனர் என்று நிறுவினார். நச்சுக்காற்றை முன்கூட்டியே அறியச் சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லச் சொன்னவரும் அவரே. அவருடைய மகன்தான் ஜே. பி. எஸ். ஹால்டேன், 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த உயிரியல் மேதை.

தந்தை ஹால்டேனும் பிரீஸ்ட்லி என்பவரும் 1905-இல் வெளியிட்ட உண்மை, அதுவரை இருந்த எண்ணத்தைத் தலைகீழாக்கிற்று. உயிர்க்காற்றாகிய ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு விரைகிறது என்று எண்ணியிருந்தனர். இயல்பான நிலையில் மூச்சின் கடிவாளம் கரியமில வாயுவின் கையில் இருக்கிறது என்று அவ்விருவரும் காட்டினர். நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயு வெறும் 0.2 விழுக்காடு கூடினாலே, உள்ளும் புறமும் செல்லும் காற்றின் அளவு இரட்டிப்பாகிவிடும். கழிவென்று நாம் வெளியே தள்ளும் வாயுதான், "மூச்சு விடு" என்று முகுளத்துக்கு நினைவூட்டுகிறது!

இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அச்சத்தைப் பாருங்கள். அஞ்சியவன் விரைந்து விரைந்து மூச்சு விடுகிறான். ஓடினால் தசைகள் கரியமில வாயுவை விளைவிக்கும், கணக்கு நேராகும். ஓடாமல் நின்ற இடத்திலேயே மூச்சை மட்டும் விரைவாக்கினால் என்ன ஆகும்? உடலுக்கு வேண்டிய கரியமில வாயுவும் வெளியேறிவிடும். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், கண் இருளும். குருதியின் வேதியியல் சமநிலை மாறி உதடும் விரல் நுனியும் மரமரக்கும். சிலருக்குக் கைவிரல்கள் வளைந்து இழுத்துக்கொள்ளும். மூச்சு போதவில்லை என்ற உணர்வு எழும். ஆகவே இன்னும் வேகமாக மூச்சு விடுவான். அச்சம் மூச்சைத் துரத்தும். மூச்சு அச்சத்தைத் துரத்தும்.

நள்ளிரவிலே, உடுக்கை ஒலியிலே, புகை மண்டலத்திலே, சுற்றிலும் கூட்டம் கூச்சலிட, நடுவே உட்காரவைக்கப்பட்ட பெண்ணொருத்தி மூச்சிரைத்து, விரல் வளைந்து, கண் செருகிச் சாய்கிறாள் என்றால், "பேய் இறங்கிற்று" என்கிறான் பூசாரி. அவளுடைய துயரம் பொய்யென்று நான் கூறமாட்டேன்; நடிப்பென்று எள்ளவும் மாட்டேன். அந்தத் துயரத்திற்கு வீட்டிலோ வாழ்விலோ காரணம் இருக்கும். அந்த விரல் வளைவுக்கு விரைந்த மூச்சே போதிய காரணமாக இருக்கக்கூடும். வேப்பிலையும் சாட்டையும் எதற்கு? கூட்டத்தை விலக்குங்கள், அருகே அமர்ந்து மெல்லப் பேசுங்கள், மூச்சை நிதானமாக விடச் சொல்லுங்கள், பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சூனியத்தால் மனிதன் சாவானா என்ற கேள்வியையும் கானன் விட்டுவைக்கவில்லை. பல நாட்டுப் பழங்குடியினரிடையே, மந்திரவாதியால் சபிக்கப்பட்டவன் உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கி இறந்ததாகப் பயணிகளும் மருத்துவர்களும் எழுதிய குறிப்புகளைத் திரட்டி, 1942-இல் ஒரு கட்டுரை வரைந்தார். மந்திரத்திற்கு ஆற்றல் இல்லை. அதை நம்பியவனின் அச்சமும், அவனை இறந்தவனாகவே எண்ணி ஒதுக்கிய சுற்றத்தாரின் செயலும் சேர்ந்து அவன் குருதியோட்டத்தைச் சீர்குலைத்திருக்கலாம் என்பது அவர் தந்த விளக்கம். அது விளக்கமே, மெய்ப்பிக்கப்பட்ட முடிவன்று. பின்வந்தோர் வேறு விளக்கங்களும் கூறினர். ஒதுக்கிவைத்தல் என்பது ஒரு கொலைக் கருவியாகலாம் என்ற அந்த எண்ணம் மட்டும் நம் நெஞ்சை விட்டு அகலாதிருக்கட்டும்.

அட்ரினலின் கணப்பொழுதில் வந்து கணப்பொழுதில் போகும் படைவீரன். நெடுநாள் தங்கும் காவற்படை வேறொன்று உண்டு. அதைத் தேடிய கதையில் முதற்பெயர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் எலிகளுக்குச் சாறு ஒன்றைச் செலுத்திப் புதிய ஹார்மோனைத் தேடினார். அட்ரினல் சுரப்பி வீங்கியது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் கண்டது. புதிய ஹார்மோன் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தார். ஐயம் தீர, நஞ்சாகிய ஃபார்மலினைச் செலுத்திப் பார்த்தார். அதே மூன்று விளைவுகள்! குளிரில் விட்டாலும், அளவுமீறி உழைக்கவைத்தாலும், காயப்படுத்தினாலும் அதே மூன்று. ஹார்மோன் கனவு கலைந்தது. அதைவிடப் பெரிய உண்மை கிடைத்தது. துன்பம் எதுவாயினும் உடல் தரும் விடையில் ஒரு பொது வடிவம் உண்டு. 1936-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக அது வெளிவந்தது. இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியவர் அவரே.

அட்ரினல் சுரப்பிக்கு அகணி, புறணி என இரு பகுதிகள். அகணி தருவது அட்ரினலின். புறணி தருவது கார்ட்டிசால் முதலியன. புறணி ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. புறணிக்கு ஆணை எங்கிருந்து வருகிறது? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து. பிட்யூட்டரிக்கு? அதற்கு மேலேயுள்ள ஹைபோதலாமஸ் என்னும் மூளைப் பகுதியிலிருந்து. அந்த மேலாணையைச் சுமந்து வரும் பொருள் ஒன்று இருக்க வேண்டுமென்று 1955-இலேயே ஆய்வாளர் சான்று காட்டினர். அதைப் பிரித்தெடுத்து, 41 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது என்று வைலி வேல் குழுவினர் அறிவித்தது 1981-இல். இருபத்தாறு ஆண்டுத் தேடல்!

கார்ட்டிசால் தீயதன்று, அது இல்லையேல் அடிசனின் நோயாளிகள் கதிதான். நெருக்கடியில் சர்க்கரையை வழங்கி, வீக்கத்தைக் கட்டுப்படுத்தி உடலைத் தாங்குகிறது. நெருக்கடி தீர்ந்ததும் அது தணிந்துவிட வேண்டும். தீராத நெருக்கடியில், தணியாமல் நாள்தோறும் மிகுந்தே இருந்தால், காவலனே கொள்ளையனாகிறான்: உறக்கம் கெடுகிறது, குருதியில் சர்க்கரை கூடுகிறது, நோய் எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது.

செல்யேயைப் பற்றி மற்றொரு செய்தியும் சொல்லியாக வேண்டும். 1969-இல் கனடா நாடாளுமன்றக் குழுவின்முன் அவர் புகையிலைத் தொழிலுக்குச் சாதகமாகப் பேசினார். அத்தொழிலினரிடம் அவர் ஆராய்ச்சிப் பணம் பெற்றதைப் பிற்காலத்தில் வழக்குகளின் வழியே வெளிவந்த ஆவணங்கள் காட்டின. உளைச்சல்தான் நோய்க்குக் காரணம் என்ற பேச்சு, புகைக்குத் திரையாகப் பயன்பட்டது. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே என்ற விதி, பூசாரிக்கு மட்டுமன்று, விஞ்ஞானிக்கும் உரியது. அவர் கண்ட உண்மையைக் கொள்வோம். அவர் செய்த வாணிபத்தைத் தள்ளுவோம்.

உளைச்சல் யாரை அதிகம் தாக்கும்? பொறுப்பு மிகுந்த மேலதிகாரியைத்தான் என்று பலரும் நம்பினர். 1967-இல் தொடங்கி, இலண்டன் நகர ஆண் அரசு ஊழியர் 17,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தது 'வைட்ஹால்' ஆய்வு. மைக்கேல் மார்மட் குழுவினர் 1978-இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது. இதயநோயால் இறப்போரின் விகிதம், உச்சிப் படியில் இருந்தோரைவிடக் கடைசிப் படியில் இருந்த ஏவலர்களிடையே மூன்று மடங்குக்கும் மேல்! புகைபிடித்தல், குருதியழுத்தம் முதலிய காரணங்கள் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தம் வேலையின்மீது தமக்கே பிடியில்லாதோர்க்கு இதயநோய் மிகுதி என்று காட்டிற்று. அவர்கள் பட்டினி கிடந்தோர் அல்லர். நிலையான வேலையும் மாதச் சம்பளமும் உடையோர். எனினும் படிக்கட்டின் ஒவ்வொரு படியும் அவர்கள் ஆயுளில் எழுதப்பட்டிருந்தது. மேல் கீழ் என்ற ஏற்பாடு ஏட்டிலே மட்டும் இருப்பதன்று, தோழர்களே. அது குருதிக்குள் இறங்கி இதயத்தைத் தொடுகிறது.

மருந்து என்ன? இரு பக்கமும் திறக்கும் கதவென்றேனே, அந்த மூச்சு ஒரு மருந்துதான். மூச்சை மெதுவாக்கினால், இதயத்தை அடக்கும் வேகஸ் நரம்பு வலுப்பெறுகிறது, படபடப்புத் தணிகிறது. இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 23 பேர் கிறித்தவ மணிமாலைச் செபத்தை இலத்தீனில் சொன்னார்கள். கிழக்கத்திய மந்திரமொன்றையும் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இரண்டிலும் இதயம் ஒரே வகையில் நலம் பெற்றது. இதயம் மதம் கேட்கவில்லை, மொழி கேட்கவில்லை, மூச்சின் அளவை மட்டுமே கேட்டது! 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மூச்சின் தாளத்தை ஆக்கும் மூளைப் பகுதியிலிருந்து விழிப்பையும் பரபரப்பையும் தூண்டும் பகுதிக்கு நேரே நரம்புப் பாதை செல்வதை எலிகளில் காட்டிற்று. அந்தப் பாதைக்குரிய நரம்பணுக்களை நீக்கியபோது எலிகள் அமைதியாயின. மெதுமூச்சின் பயனுக்கு விளக்கம் மூளையிலே இருக்கிறது. மடத்திலே வாங்க வேண்டியதில்லை. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். காணிக்கை வைக்காமல் செய்யுங்கள்.

ஆனால் அத்தோடு நிற்காதீர்கள். இன்று ஆலையிலும் அலுவலகத்திலும் வேலையைக் கூட்டி, ஆளைக் குறைத்து, நாளை வேலை உண்டா இல்லையா என்ற நடுக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு, "கண்ணை மூடு, மூச்சை இழு, மனம் அமைதியாகும்" என்று உபதேசம் செய்வோர் பெருகிவிட்டனர். நாயைக் குரைக்கவிட்டுக்கொண்டே பூனைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது எந்த நியாயம்? நாயைக் கட்டுவதன்றோ முதல் வேலை!

போர்தோ அவை விடையின்றி விட்ட கேள்விக்கு இன்று விடை இருக்கிறது. அச்சம் பேய் அனுப்பியதன்று, பிறவியின் குற்றமன்று, கோழையின் முத்திரையுமன்று. புலியிடமிருந்து தப்ப உடல் செய்துகொண்ட பழைய ஏற்பாடு. புலிகள் அருகிவிட்டன. புலியின் இடத்தில் மனிதனுக்கு மனிதன் வைத்த படிக்கட்டும், கையிலெடுத்த பிரம்பும், ஊரை விட்டு ஒதுக்கும் கொடுமையும் நிற்கின்றன. அவற்றை ஆக்கியவர் மனிதர். ஆகவே அகற்றவும் மனிதரால் இயலும். மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள், இளைஞர்களே! படபடப்பு அடங்கட்டும், பார்வை தெளியட்டும். தெளிந்த பார்வையோடு எழுந்து நின்று, "எங்களை அஞ்சவைத்து ஆதாயம் பெறுவோர் யார்?" என்று கேளுங்கள். அச்சத்தின் ஆட்சி முடியத் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான்.